இரு பக்கமும் ஆயிரத்து நானூறு

மூன்று கிலோமீட்டர். அவ்வளவுதான். மேடு இல்லை, பள்ளம் இல்லை, குறுக்கே வண்டி வராது, பாதியில் பிரிந்து போகிற சந்து பொந்தும் கிடையாது. ஆற்றங்கரையை ஒட்டித் தார் போட்டு, ஓரத்தில் புல்லை வெட்டி, நூறு மீட்டருக்கு ஒரு குட்டிக் கல் நட்டு, அதில் எண்ணும் எழுதி வைத்திருக்கிறார்கள். கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் போகிறார்கள், முழங்காலில் ஆபரேஷன் ஆனவர்கள் போகிறார்கள். இதில் போய் ஒரு மனுஷன் வழி தவறுவதென்றால் அதற்குத் தனித் திறமை வேண்டும். அந்தத் திறமை தனக்கு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ளத்தான் டிரைவர் அன்று காலை காரிலிருந்து இறங்கினார்.

"தண்ணி எடுத்துக்கிட்டீங்களா?" என்றாள் மனைவி. இப்போதெல்லாம் கார் ஓட்டுவது அவள்தான்.

"எடுத்துக்கிட்டேன்."

"மாத்திரை?"

"நீதானே எடுத்துக் குடுத்தே? முழுங்குற வரைக்கும் வாயையே பாத்துக்கிட்டு நின்னியே."

"சரி சரி. நான் அந்தக் கோடிக்குப் போயிடறேன். அங்கயும் கார் நிறுத்துற இடம் இருக்கு, கேன்டீன் இருக்கு. கேன்டீன் வாசல்லயே நிப்பேன். மெதுவா வாங்க."

"மூணு கிலோமீட்டருக்கு மெதுவா என்ன, வேகமா என்ன. காபி சொல்லி வை. ஆறுறதுக்குள்ள வந்துடுவேன்."

அவள் சிரிக்கவில்லை. கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பைக்குள் இருந்த ஒரு தாளில்தான் டிரைவரின் உயிரே இருந்தது.

விஷயம் இதுதான். இருபத்திரண்டு வருடம் பதினான்காம் நம்பர் பஸ்ஸை ஓட்டியவர் அவர். ஒரு கீறல் இல்லை, ஒரு புகார் இல்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை, வண்டி கொள்ளாத கூட்டத்தோடு, திரும்ப வேண்டிய முனையில் திரும்பாமல் நேராகப் போய் ஒரு பர்னிச்சர் கடை வாசலில் நிறுத்தி, "கடைசி ஸ்டாப், எல்லாரும் இறங்குங்க" என்றார். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு டெர்மினஸ் அங்கேதான் இருந்தது என்பது உண்மை. ஜனங்கள் முதலில் சிரித்தார்கள். அவர் இறங்கி, என்றோ இடித்துத் தள்ளிய ஆபீசில் கையெழுத்துப் போடுவதற்காகச் சோபாக்களுக்கு நடுவே புகுந்து நடந்தபோதுதான் சிரிப்பு நின்றது.

மூளையில் கடுகளவு ரத்தக் கட்டி என்றார் டாக்டர். இரண்டு மாத வைத்தியத்தில் கரைந்துவிட்டது என்றும் அவரே சொன்னார். டிப்போவிலோ இன்னும் ஆறு மாதம் பொறுத்துப் பார்ப்போம் என்றார்கள். அந்த ஆறு மாதமும் முடிந்தது. பாக்கி இருப்பது ஒரு படிவம். அதில் நாலாவது கேள்வி: 'கடந்த ஆறு மாதங்களில் விண்ணப்பதாரருக்கு இடம், வழி, நேரம் குறித்த குழப்பம் ஏற்பட்டதா? ஆம் எனில், எத்தனை முறை?' உடன் வசிப்பவர் நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக் காலை பத்து மணிக்குள் டிப்போவில் கொடுக்க வேண்டும். குழப்பமே வரவில்லை என்று எழுதிக் கொடுத்தால் வண்டி. இல்லையென்றால் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து நட்டு, போல்ட்டுக்குச் சீட்டு எழுதுகிற வேலை.

மனைவி பத்து நாளாக அந்தப் படிவத்தைச் சுமந்துகொண்டு திரிகிறாள். கேட்டால் கண்ணாடியைக் காணோம் என்பாள். கண்ணாடியைத் தேடிக் கொடுத்தால் பேனா எழுதவில்லை என்பாள். முந்தின நாள் டிரைவருக்குப் பொறுமை போய்விட்டது.

"ஆறு மாசமா தினம் காலைல தன்னந்தனியா ஒரு மணி நேரம் நடந்துட்டு வரேன். ஒரு நாளாவது வீடு வந்து சேராம இருந்திருக்கேனா? உனக்கு என்னதான் வேணும்?"

அவள், "தெரியாத இடமா ஒண்ணுல நடந்து காட்டுங்க. யாரையும் வழி கேக்கக் கூடாது, போன் பண்ணக் கூடாது. வந்துட்டீங்கன்னா அங்கயே வெச்சுக் கையெழுத்துப் போட்டுடறேன்" என்றாள்.

அதுதான் இந்த நடை. டிரைவர் பின்னால் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடக்க ஆரம்பித்தார்.

ஆறு இடது பக்கம். வீடுகள் வலது பக்கம். அவ்வளவு போதும், டிரைவருக்கு உலகம் பிடிபட்டுவிட்டது. பதினான்காம் நம்பரிலும் அப்படித்தான்: போகும்போது ஆஸ்பத்திரி இடது பக்கம், வரும்போது வலது பக்கம். எது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை வைத்துத்தான் அவர் போகிறோமா வருகிறோமா என்று தெரிந்துகொள்வார். கல் நூறு வந்தது. இருநூறு வந்தது. அவரையும் அறியாமல் ஒவ்வொரு கல்லிலும் மனதுக்குள் கதவைத் திறந்து ஆளை இறக்கி, ஆளை ஏற்றிக் கதவை மூடினார். முந்நூறில் ஒரு கர்ப்பிணி ஏறினாள், அவளுக்கு இடமும் வாங்கிக் கொடுத்தார். அறுநூறு தாண்டுவதற்குள் மனுஷர் சீட்டியடிக்கத் தொடங்கிவிட்டார்.

பாதை ஒன்றும் பிரமாதமில்லை. வலது பக்கத்து வீடுகள், யாரோ ஒரே அச்சில் வார்த்து வரிசையாகக் கவிழ்த்த மாதிரி இருந்தன. எல்லாவற்றுக்கும் சாம்பல் நிறக் கேட்டு, எல்லாவற்றின் பின்கட்டிலும் துணி காயும் கொடி. வானம் மூடிக் கிடந்தது, வெயில் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. ஆறோ அதற்கு மேல். எந்தத் திசையில் ஓடுவது என்று இன்னும் முடிவு பண்ணாமல் சும்மா கிடந்தது.

ஆயிரத்து ஐந்நூறாம் கல்லை ஒட்டி நடைபாலம் வந்தது. பாதை இடது பக்கம் திரும்பிப் பாலத்தில் ஏறி, அக்கரையில் இறங்கி, மறுபடி அதே திசையில் போனது. சரிபாதி. டிரைவர் கடிகாரத்தைப் பார்த்தார். இருபத்தோரு நிமிடம். அடடா! டிப்போ மேனேஜர் பார்த்திருக்க வேண்டும்.

பாலம் இறங்கிய இடத்தில் ஒரு பெஞ்சு. அங்கே உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். பக்கத்தில் ஒரு நாய்க்காரர். அவருடைய நாய் நடக்க மாட்டேன் என்று தரையில் படுத்துவிட்டதாம், அரை மணியாகக் கெஞ்சிக்கொண்டிருக்கிறாராம்.

"தினம் இதே ரோதனைங்க. வரும்போது குதிச்சுக்கிட்டு வரும். பாலத்தைப் பாத்துட்டா படுத்துடும்."

"பயமா இருக்குமோ என்னவோ?"

"பயமாவது! கொழுப்பு."

டிரைவர் எழுந்தார். அதுவரை செத்தது போல் கிடந்த நாய், அவர் எழுந்ததும் எங்கிருந்துதான் உயிர் வந்ததோ, துள்ளி எழுந்து அவர் காலைச் சுற்றி ஓடியது. கயிறு முழங்கால் இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டது. நாய்க்காரர் ஒரு பக்கம் இழுக்க, நாய் ஒரு பக்கம் இழுக்க, டிரைவர் பம்பரமாக ஒன்றரைச் சுற்றோ இரண்டரைச் சுற்றோ சுற்றித்தான் அதிலிருந்து விடுபட்டார். நாய்க்காரர் ஆயிரம் மன்னிப்புக் கேட்டார். "பரவால்லைங்க, பரவால்லைங்க" என்று சொல்லிவிட்டு டிரைவர் தன் பாட்டுக்கு நடந்தார்.

கொஞ்ச தூரத்தில் கல் வந்தது. பெயின்ட் பளபளவென்று இருந்தது. எண்ணும் தெளிவாகத்தான் இருந்தது. ஆயிரத்து நானூறு.

டிரைவர் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஆயிரத்து நானூறுதான். கல்லின் பின்பக்கம் போய்ப் பார்த்தார். அங்கேயும் ஆயிரத்து நானூறுதான்.

ஆயிரத்து நானூறைத் தாண்டித்தானே ஆயிரத்து ஐந்நூறுக்கு வந்தோம்? அப்படியானால்? நாய் சுற்றிய சுற்றில் முகம் திரும்பிவிட்டது. வந்த வழியே திரும்பி நடந்துகொண்டிருக்கிறோம். சந்தேகம் தீர ஆற்றைப் பார்த்தார். ஆறு வலது பக்கம் இருந்தது. போகும்போது இடது பக்கம் இருந்த ஆறு வலது பக்கம் வந்துவிட்டது என்றால் வேறு அத்தாட்சி என்ன வேண்டும்? நிச்சயமாகத் திரும்பித்தான் போய்க்கொண்டிருக்கிறார்.

ஆனால் பாலம்? திரும்பி வந்திருந்தால் பாலத்தை மறுபடி கடந்திருக்க வேண்டுமே. கடந்தோமா? கடந்ததாக ஞாபகம் இருந்தது. அது முதல் தடவை கடந்த ஞாபகமா, இரண்டாவது தடவையா? மனதுக்குள் தேடித் தேடிப் பார்த்தார். பாலத்தின் கைப்பிடி குளிர்ச்சியாக இருந்தது ஞாபகம் வந்தது. எத்தனை தடவை குளிர்ச்சியாக இருந்தது என்பது மட்டும் ஞாபகம் வரவில்லை. பர்னிச்சர் கடையிலும் இப்படித்தான். அன்றைக்கும் அவருக்கு எல்லாம் பளிச்சென்று, சந்தேகமே இல்லாமல்தான் இருந்தது.

"நிதானம், நிதானம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பி நடந்தார். பெஞ்சு வந்தது. நாயையும் காணோம், நாய்க்காரரையும் காணோம். இருந்திருந்தால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நாய் என்று ஒன்று இருந்ததா என்றே ஒரு கணம் சந்தேகம் வந்து, குனிந்து பார்த்தார். பேன்ட்டில் நாய் முடி இருந்தது. அதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட மனுஷன் உலகத்தில் வேறு யாரும் இருக்க முடியாது.

பாலத்தின் மேல் எதிரே ஓடி வந்த ஒருவரை, கேட்கக் கூடாது என்ற நிபந்தனையையும் மீறி நிறுத்தினார். "தம்பி, கார் நிறுத்துற இடம் எந்தப் பக்கம்?"

ஓட்டக்காரர் காதிலிருந்த ஒயரைக் கழற்றாமலே, "ரெண்டு பக்கமும் இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

பாலம் இறங்கினார். ஆயிரத்து ஐந்நூறு வந்தது. அப்பாடா! எண் ஏறுகிறது. வலது பக்கம் திரும்பித் தார்ப்பாதையைப் பிடித்து வேகமாக நடந்தார். அடுத்தது ஆயிரத்து அறுநூறாகத்தான் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லை. எட்டி எட்டி நடந்தார். தூரத்தில் கல் தெரிந்தது. எண் தெரியவில்லை. கிட்டப் போனார்.

ஆயிரத்து நானூறு.

ஆறு வலது பக்கம். அந்தப் பக்கம் போனாலும் ஆயிரத்து நானூறு, ஆறு வலது பக்கம். இந்தப் பக்கம் வந்தாலும் ஆயிரத்து நானூறு, ஆறு வலது பக்கம். ஐந்நூறைத் தாண்டி எந்தத் திசையில் போனாலும் நானூறுதான் வருமென்றால் ஒரு மனுஷன் வீடு போய்ச் சேருவது எப்படி? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலப் பேந்தப் பேந்த விழித்தார். சட்டைப் பைக்குள் போன் இருந்தது. எடுத்தார். எடுத்தால் தோற்றோம் என்று திரும்ப உள்ளே போட்டார்.

அப்போதுதான் அறிவிப்புப் பலகை கண்ணில் பட்டது. பாதை ஓரத்தில், இரண்டு கம்பிக் கால்களின் மேல் நிற்கிற பெரிய பலகை. நாய்க் கழிவை அள்ளிப் போடச் சொல்லி எழுதியிருந்தது. அது பெரிதில்லை. இரண்டு கம்பிக் கால்களுக்கு நடுவே இரண்டு மனிதக் கால்கள் இருந்தன. ஆரஞ்சு நிற கேன்வாஸ் ஷூ போட்ட கால்கள். தள்ளுபடியில் வாங்கின அதே மாதிரி ஒரு ஜோடி அவர் வீட்டிலும் இருந்தது.

டிரைவர் பலகையைச் சுற்றிப் போய்ப் பார்த்தார். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் மனைவி நின்றிருந்தாள்.

அவருக்கு முதலில் வந்தது சந்தோஷம். சந்தேகமே வரவில்லை. மனைவி எங்கே இருப்பேன் என்றாள்? அந்தக் கோடியில். மனைவி எங்கே இருக்கிறாள்? இங்கே. அப்படியானால் இதுதான் அந்தக் கோடி.

"வந்துட்டேனா?" என்றார். "நான் வந்து சேந்துட்டேனா?"

அவள் திருதிருவென்று விழித்தாள். கையும் களவுமாக அகப்பட்டுக்கொண்ட முகம் அது. ஆனால் அவருக்கு அது தெரியவில்லை.

"ஆமாங்க" என்றாள். "வந்துட்டீங்க."

"கேன்டீன் எங்க?"

"அது... மூடிட்டாங்க."

"காரு?"

"கொஞ்சம் தள்ளி நிறுத்தியிருக்கேன்."

டிரைவர் சுற்றுமுற்றும் பார்த்தார். புல். ஆறு. சாம்பல் கேட்டு வைத்த வீடுகள். கேன்டீனை மூடினால் கட்டடத்தையுமா தூக்கிக்கொண்டு போவார்கள்? ஒரு கதவு, ஒரு நாற்காலி, ஒரு காலி பாட்டிலாவது இருக்காதா? அவர் மெதுவாக மனைவியின் கையைப் பிடித்தார். சின்னக் குரலில், வேறு யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போலக் கேட்டார்.

"இங்க கேன்டீன் இருக்கா? உன் கண்ணுக்குத் தெரியுதா? என் கண்ணுக்குத் தெரியல. மறைக்காம சொல்லு, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

அவ்வளவுதான். அவள் உடைந்துபோனாள்.

"இல்லீங்க! கேன்டீனும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இது பாதி வழிங்க. நான் பொய் சொல்லிட்டேன். நான் அந்தக் கோடிக்குப் போகவே இல்ல. காரை எடுக்காம அங்கயே விட்டுட்டு உங்க பின்னாலயே வந்தேன். நீங்க திடீர்னு திரும்பி வந்ததும் எங்க ஒளியறதுன்னு தெரியாம இதுக்குப் பின்னால பூந்துட்டேன்."

"அப்ப நான் வரல?"

"நீங்க நல்லாத்தான் போனீங்க. பாலம் தாண்டிப் போனீங்க. அப்புறம்... ஏங்க திரும்பி வந்தீங்க?"

அவர் கல்லைக் காட்டினார். ஆயிரத்து நானூறு கதையைச் சொன்னார். அந்தப் பக்கமும் அதே, இந்தப் பக்கமும் அதே என்றார். சொல்லச் சொல்ல மனைவியின் முகம் வெளுத்துக்கொண்டே போனது. இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று டிரைவருக்கே தோன்றியது.

"சரிங்க. கார் இந்தப் பக்கம். போயிடலாம் வாங்க" என்றாள், குழந்தையிடம் பேசுகிற குரலில்.

அந்தக் குரல்தான் அவருக்கு ரோஷத்தைக் கிளப்பியது. "நான் காட்டறேன், வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். ஆயிரத்து ஐந்நூறு. பாலம். பெஞ்சு. அதற்கு அப்பால் கல்.

மனைவி குனிந்து படித்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி படித்தாள். அவரை அங்கேயே நிறுத்திவிட்டு விடுவிடுவென்று பாலத்தைத் தாண்டிப் போய் ஆயிரத்து ஐந்நூறைப் பார்த்துவிட்டு மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள்.

"என்னங்க இது? எனக்கும் ஆயிரத்து நானூறுன்னுதான் தெரியுது!"

"தெரியுதா?"

"தெரியுதுங்க. இப்ப நாம போறோமா, வர்றோமா?"

"அதைத்தான் நானும் காலைலேர்ந்து கேக்கறேன்!"

குழம்பியது இப்போது இரண்டு பேர். ஒரு ஆள் குழம்பினால்தான் வியாதி, இரண்டு பேர் குழம்பினால் தைரியம் வந்துவிடுகிறது. இருவருமாக அடுத்த கல்லுக்கு நடந்தார்கள். அங்கே பெயின்ட் டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு நெட்டைப் பெயின்டர் குந்தியிருந்தார். கல்லில் ஆயிரத்து முந்நூறு என்ற எண்ணுக்குத் திரும்பி வந்து கடைசிப் பூச்சுப் பூசிக்கொண்டிருந்தார். அவருடைய மச்சான் புல்லில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான்.

"தொட்டுடாதீங்கக்கா, ஈரம்" என்றார் நெட்டை.

"தொடறது இருக்கட்டும். ஆயிரத்து ஐந்நூறுக்கு அப்புறம் எப்படிப்பா ஆயிரத்து நானூறு வரும்?" என்றாள் மனைவி.

"யாரு சொன்னா?"

"கல்லு சொல்லுது! போயிப் பாருங்க."

நெட்டை மச்சானைப் பார்த்தார். மச்சான் நெட்டையைப் பார்த்தான். பிஸ்கட் பாதியில் நின்றது.

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. இருவரும் பதினோரு வருடமாக ரோட்டில் வெள்ளைக் கோடு போடுகிறவர்கள். அதில் அவர்களுக்கு ஒரு வழக்கம். ஒருவர் இந்தக் கோடியில் ஆரம்பிப்பார், இன்னொருவர் அந்தக் கோடியில் ஆரம்பிப்பார், நடுவில் வந்து சேர்ந்ததும் டீ குடிப்பார்கள். வேலையும் சீக்கிரம் முடியும், முகத்தில் முழித்துச் சண்டை போடவும் நேரமிருக்காது. கோட்டுக்கு ஏது ஆரம்பம், ஏது முடிவு? எப்படிப் போட்டாலும் கோடு கோடுதான். ஆற்றங்கரைக் கல்லுக்கு எண் எழுதுகிற வேலை இந்த வாரம்தான் முதல் முதலாக வந்ததாம்.

"நான் நூறுல ஆரம்பிச்சேன்" என்றான் மச்சான்.

"நானும் நூறுலதாண்டா ஆரம்பிச்சேன்!" என்றார் நெட்டை.

"நீங்க ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துல ஆரம்பிச்சுக் கொறைச்சுக்கிட்டு வந்திருக்கணும், மாமா."

"ஏன், நீ கொறைச்சுக்கிட்டு வர்றது? உங்க அக்காவைக் கட்டின நாள்லேர்ந்து எது நடந்தாலும் என் தப்புதானே!"

டிரைவர் சிரித்தார். சிரிப்பென்றால் சாதாரணச் சிரிப்பில்லை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். கல்லில்தான் கோளாறு! தலையில் இல்லை! பாலம் தாண்டினால் ஆறு பக்கம் மாறத்தானே செய்யும், இதுகூடத் தெரியாதா என்று தன்னையே திட்டிக்கொண்டார். நெட்டையின் தோளில் தட்டி, "நல்லா இருங்கப்பா, ரெண்டு பேரும் நல்லா இருங்க" என்று வாழ்த்தினார். எதற்கு வாழ்த்துகிறார் என்று தெரியாமல் அவர்கள் இருவரும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு, சண்டை போட்டபடியே முந்தின கல்லைப் பார்க்கப் போனார்கள்.

சற்றுத் தள்ளி இன்னொரு பெஞ்சு. அதில் உட்கார்ந்ததும் மனைவி தானாகவே கைப்பையைத் திறந்தாள். படிவத்தை எடுத்தாள். கண்ணாடி இருந்தது, பேனாவும் எழுதியது.

"போட்டுடறேங்க" என்றாள்.

"போடு, போடு. நாளைக்கு ஒன்பதரைக்கே டிப்போவுல நிப்பேன்." டிரைவருக்கு வாயெல்லாம் பல். "அது சரி, நீ எதுக்குத் திருட்டுத்தனமா பின்னால வந்தே?"

"பயமா இருந்துச்சு."

"இன்னிக்கு மட்டும் என்ன புதுசா பயம்? தினம் நான் தனியாத்தானே போறேன்?"

பேனா நின்றது. அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். டிரைவரின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"தினமும் வருவியா?"

"ம்."

"ஆறு மாசமா?"

"நீங்க கேட்டைச் சாத்தினதும் செருப்பை மாட்டுவேன். நீங்க கடைசித் தெரு திரும்பினதும் சந்து வழியா ஓடி வந்து உங்களுக்கு முன்னாடி அடுப்படிக்குப் போயிடுவேன்."

அவர் வீடு திரும்பும்போதெல்லாம் அவள் முகம் வேர்த்திருக்கும், மூச்சு வாங்கும். அடுப்புச் சூடு என்பாள். ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கிப் போட வேண்டும் என்று அவரும் சொல்லிக்கொண்டே இருந்தார். இப்போது என்ன கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. கேட்கத்தான் பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டார்.

"எத்தனை தடவை?"

"விடுங்க."

"எத்தனை தடவைம்மா?"

"மூணு." அவள் நிமிரவில்லை. "ஒரு நாள் ஸ்கூல் பக்கத்துச் சந்துல யார் வீட்டு கேட்டையோ நம்ம சாவியைப் போட்டுத் திறந்துக்கிட்டு இருந்தீங்க. நான் போன் பண்ணி, பால் வாங்கிட்டு வாங்கன்னு சொன்னேன். சட்டுனு திரும்பி வந்துட்டீங்க."

பால் ஞாபகம் இருந்தது. ஃப்ரிட்ஜில் இரண்டு பாக்கெட் இருக்கும்போது எதற்கு இன்னொன்று என்று அன்றைக்கு அவளைச் சத்தம் போட்டதும் ஞாபகம் இருந்தது. கேட்டும் சாவியும் ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

"இன்னொரு நாள் பஸ் ஸ்டாப்புல முக்கால் மணி நேரம். வர்ற பஸ்ஸுல ஏறவும் இல்ல. வாட்சைப் பாத்து என்னமோ எழுதிக்கிட்டு இருந்தீங்க. கேஸ் தீந்துடுச்சுன்னு போன் பண்ணேன்."

"மூணாவது?"

"போன மாசம். அந்த ரவுண்டானாவைச் சுத்திக்கிட்டே இருந்தீங்க. ஏழு சுத்து. போனை எடுக்கல. அப்புறம் நான் எதிர்ல வந்து, ஐயோ நீங்களா, கடைக்கு வந்தேன்னு..."

அந்தச் சந்திப்பு அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கல்யாணம் ஆகி இத்தனை வருடத்தில் நடுத்தெருவில் தற்செயலாகப் பெண்டாட்டியைப் பார்ப்பது எவ்வளவு சந்தோஷம் என்று அன்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். அவள் பையை அவர்தான் தூக்கிக்கொண்டு வந்தார். பை காலியாகத்தான் இருந்தது. கடையில் ஒன்றும் சரியில்லை என்று அவள் சொன்னதை அப்படியே நம்பினார்.

"ஏன் சொல்லல?" கோபமாகத்தான் கேட்க நினைத்தார். குரல் வேறு மாதிரி வந்தது.

"சொன்னா வீட்டை விட்டே இறங்க மாட்டீங்க. அதான்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு படிவத்தை மடியில் நீவினாள். "அதெல்லாம் எதுக்குங்க இப்ப? நான் 'இல்லை'ன்னே போட்டுடறேன். மூணு தடவையும் நான் பாத்துக்கிட்டேன்ல? யாருக்கு என்ன ஆச்சு? நீங்க அந்த வண்டியை எவ்வளவு ஆசையா ஓட்டுவீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

தெரியும்தான். அந்த சீட்டில் மறுபடி உட்கார வேண்டும் என்று அவருக்கு இருந்த ஆசை, பசி மாதிரியானது. இதோ, ஒரு சின்னக் கோடு போட்டால் நாளைக்கே கிடைத்துவிடும். போடுவதற்கு அவளும் தயார். அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதினான்காம் நம்பரில் அவர் முதுகுக்குப் பின்னால் அறுபது பேர் நிற்பார்கள். அவரை நம்பித் தூங்குவார்கள், பேசுவார்கள், ஜன்னல் வழியே வேடிக்கை பார்ப்பார்கள். பால் வாங்கிட்டு வாங்க என்று போன் பண்ணுகிறவர் அதில் ஒருத்தர்கூட இருக்க மாட்டார்.

"குடு இப்படி" என்று பேனாவை வாங்கினார்.

நாலாவது கேள்வியில் 'ஆம்' என்ற இடத்தில் அவரே கோடு போட்டார். எத்தனை முறை என்று கேட்டிருந்த கட்டத்தில் 3 என்று எழுதினார். எண் நன்றாகத் தெளிவாக விழுந்தது. தாளை அவள் பக்கம் நகர்த்தி, "கையெழுத்து நீதான் போடணும்" என்றார்.

அவள் போட்டாள். போட்டுவிட்டு அழுதாள். அவரும் அழுதார், வெட்கப்படாமல் அழுதார். தள்ளுவண்டியில் குழந்தையோடு போன ஒரு அம்மா நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

வெகுநேரம் கழித்து டிரைவர் மூக்கைச் சிந்திக்கொண்டு, "காரு எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"நீங்க இறங்கின இடத்துலதான்."

"அப்ப மறுபடி அவ்வளவு தூரம் நடக்கணுமா? நல்ல ஆளுடி நீ."

எழுந்து நடக்க ஆரம்பித்தார். பத்தடி போயிருப்பார், பக்கத்தில் யாரும் இல்லை. திரும்பிப் பார்த்தால் அவள் பெஞ்சருகிலேயே நின்றுகொண்டிருந்தாள். அவரைக் கொஞ்ச தூரம் போகவிட்டுப் பின்னால் கிளம்புவதற்காக, ஆறு மாதப் பழக்கத்தில், தன்னையறியாமல் நின்றிருந்தாள்.

"என்ன அங்கேயே நின்னுட்டே? கூட வா" என்றார் டிரைவர். "ஒளிஞ்சு ஒளிஞ்சு ஓடி வந்ததெல்லாம் போதும்."

அவள் வந்து சேரும்வரை அவர் அங்கேயே நின்றார்.